ஒரு படி உயரம்



பிறர் உரிமைக்காகப் பாடுபட்ட பெரியோர் பலரை நீங்கள் பாடநூல்கள் வாயிலாக அறிந்திருப்பீர்கள். அவர்களைப் பெரும்பாலும் நரைத்த தலையினராகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். படங்களில் நாம் காண்பது அவர்களுடைய முதுமைக் கோலத்தையன்றோ? ஆயினும் மாணவப் பருவத்திலேயே தம்மையொத்த வயதினரைத் திரட்டி, உரிமைப் பணியில் இறங்கி, அதற்குரிய விலையையும் இளமையிலேயே கொடுத்தவர்கள் உளர். அவர்களுள் ஒருவரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த ஸ்ட்ரினிவாச மூட்லி என்பவரே அவர். நண்பர்கள் அவரை ஸ்ட்ரினி என்று அழைத்தனர்.

அப்பெயரைச் சற்று உற்றுக் கேளுங்கள். ஸ்ட்ரினிவாச என்பது நம் சீனிவாசனே. மூட்லி என்பது முதலி என்னும் சொல்லின் திரிபு. இவ்வாறே அந்நாட்டில் கவுண்டர் என்பது கோவெண்டர் ஆயிற்று. நாயுடு என்பது நைடூ ஆயிற்று. நம் நாட்டுப் பெயர்கள் இந்துமாக்கடலைக் கடந்து சென்ற வரலாற்றை முதலிற் காண்போம். அது நம் சென்னைக் கடற்கரையிலிருந்து தொடங்குகிறது.

1856-ஆம் ஆண்டில் இராயபுரம் நிலையத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1860 அக்டோபரில், 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அக்காலத்தில் சென்னைக்குக் கற்சுவர் எழுப்பிய துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்டத்தே நிற்கும். மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளைத் தாண்டிச் சென்று அவற்றை அடைதல் வேண்டும். அக்கப்பலில் சென்ற 342 பேர் அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் நாள் நேட்டால் நாட்டின் டர்பன் துறைமுகத்தை அடைந்தனர். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதாகக் கைந்நாட்டு வைத்த ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். 1911-ஆம் ஆண்டு வரை இம்முறையில் நேட்டாலுக்குச் சென்றோர் தொகை ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும். அவர்களுள் பெரும்பாலோர் சென்னை வழியே சென்றவர்கள்.

1893-இல் அந்நாட்டிற்குச் சென்ற காந்தியடிகள் அம்மக்களுக்காகப் போராடியதையும், 1913-இல் எழுந்த பெரும் போராட்டத்தில் சிறை சென்று மறு ஆண்டு பிப்ரவரியில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையையும் நீங்கள் அறிவீர்கள். காந்தியடிகள் தாயகம் திரும்பியதோடு அவ்வரலாறு முடிந்துவிடவில்லை. கூலிகளாகச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் கல்லூரி மாணவர்களாக வளர்ந்த காலத்தில் அதன் அடுத்த இயல் எழுதப்பட்டது.

1948-இல் தென்னாப்பிரிக்காவில் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. நிறத்தின் பெயரால் மக்களைப் பிரித்து வைக்கும் கொள்கையை அது சட்டமாக்கிற்று. 1950-இல் இயற்றிய ஒரு சட்டம் ஒவ்வொருவரையும் இன்ன இனத்தவர் என்று பதிவு செய்தது. அதே ஆண்டு வந்த மற்றொரு சட்டம் இன்ன இனத்தவர் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்று வரையறுத்தது. வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர், ஆப்பிரிக்கர் என்ற நால்வகைப் பிரிவு இவ்வாறு நிலைபெற்றது.

இங்கே நீங்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வெள்ளையர் அல்லாத அனைவரையும் அவ்வரசு ஒரே தாழ்நிலையில் வைத்திருந்தால், அவர்கள் அனைவரும் ஒன்றுபட்டிருப்பர். அது அவ்வாறு செய்யவில்லை. ஒரு படிக்கட்டை அமைத்தது. உச்சியில் வெள்ளையர், அவர்க்கு நெடுந்தொலைவு கீழே கலப்பினத்தாரும் இந்தியரும், அவர்க்கும் கீழே ஆப்பிரிக்கர். இந்தியருக்கு நாட்டின் நாடாளுமன்றத்தில் வாக்குரிமை இல்லை. விரும்பிய இடத்தில் வீடு கட்டிக்கொள்ளும் உரிமை இல்லை. ஆயினும் ஆப்பிரிக்கர் எந்நேரமும் சட்டைப்பையில் சுமந்து திரியவேண்டிய அனுமதிச் சீட்டை இந்தியர் சுமக்க வேண்டியதில்லை. இந்தியரின் பள்ளிக்கு அரசு செலவிட்ட பணம் ஆப்பிரிக்கரின் பள்ளிக்குச் செலவிட்டதைவிட மிகுதி. இவ்வாறு கிடைத்தது ஒரு படி உயரமே. ஆனால் அந்த ஒரு படியை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் மனிதனை வாய் திறவாமல் இருக்கச் செய்யும். கீழ்ப்படியில் நிற்பவனோ, தன்னை மிதிப்பவனை விட்டுத் தனக்கு அடுத்த மேற்படியில் நிற்பவனையே பகைவன் என்று கருதுவான்.

இது வெறும் கற்பனை அன்று. 1949 சனவரியில் டர்பன் நகரில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே பெருங்கலகம் மூண்டது. மூன்று நாட்களுக்குள் 142 பேர் மாண்டனர். கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. அதன் நினைவு இந்தியர் இல்லங்களில் நெடுங்காலம் நீங்கவில்லை. ஸ்ட்ரினி மூட்லி பிறந்து வளர்ந்த நகரம் அந்த டர்பனே; அவர் குழந்தைப் பருவமும் அக்காலத்ததே.

1959-இல் அரசு உயர்கல்வியையும் கூறு போட்டது. ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிக் கல்லூரி என்பது புதிய சட்டம். இந்தியருக்கென்று 1961-இல் திறக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, டர்பன் துறைமுக விரிகுடாவில் உள்ள சாலிஸ்பரித் தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் அமைந்தது. மூட்டைகளும் பீப்பாய்களும் இறங்கும் துறைமுகத்துக்கு நடுவே, ஊரிலிருந்து ஒதுக்கிய ஓரிடத்தில், ஓரினத்துப் பிள்ளைகள் மட்டும் படித்தனர். அங்கே ஆங்கில இலக்கியமும் நாடகமும் பயின்றவர் மூட்லி. கல்லூரி நிர்வாகத்தையும் நிறவெறி ஆட்சியையும் நகையாடும் நாடகங்களை அவர் மேடையேற்றினார். மாணவர் எதிர்ப்புகளில் முன்னின்றார். முடிவில் அக்கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். படிப்பைத் தொடர்ந்திருந்தால் நல்ல வேலையும் ஓரளவு வசதியும் அவர் போன்றோர்க்குக் கிட்டியிருக்கும். அவர் தேர்ந்த வழி வேறு.

அந்நாளில் தென்னாப்பிரிக்க மாணவர்க்கு ஒரு தேசிய சங்கம் இருந்தது. நிறவெறியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றும் நல்லுள்ளம் கொண்ட வெள்ளை மாணவர்களே அதில் பெரும்பான்மையினர். 1967-இல் கிரகாம்ஸ்டவுன் நகரில் அதன் மாநாடு நடந்தது. கூட்டத்தில் அனைவரும் ஒன்றாக அமர்ந்தனர். இரவு வந்ததும், கறுப்பின மாணவர் பல்கலைக்கழக விடுதியில் தங்குதல் ஆகாது என்று அப்பல்கலைக்கழகம் தடுத்துவிட்டது. அவர்கள் ஊர்ப்புறத்துத் தேவாலயம் ஒன்றில் படுத்துறங்க நேர்ந்தது. அம்மாநாட்டிற்கு வந்திருந்தவர்களுள் ஒருவர் டர்பன் மருத்துவக் கல்லூரி மாணவரான ஸ்டீவ் பிக்கோ. நமக்காகப் பிறர் பேசுவது போதாது, நாமே திரள வேண்டும் என்னும் முடிவுக்கு அவரும் அவர் தோழர்களும் வந்தனர். அதன் பயனாக, தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு என்ற புதிய சங்கம் தோன்றி, 1969 ஜூலையில் முறையாகத் தொடங்கப்பெற்றது. பிக்கோ அதன் முதல் தலைவர். அதன் அலுவலகம் டர்பனில் அமைந்தது. மூட்லியும் அவருடைய நண்பர் சாத்ஸ் கூப்பரும் அதில் வந்து சேர்ந்தனர்.

இவ்வமைப்பு செய்த அரும்பெருஞ் செயல் ஒரு சொல்லின் பொருளை மாற்றியதே ஆகும். அதுவரை அரசு இம்மக்களை 'வெள்ளையர் அல்லாதார்' என்றே குறித்தது. தானாக ஒன்றும் இல்லாதவன், பிறனாக இல்லாததே அவன் அடையாளம் என்னும் இழிவு அப்பெயரில் உள்ளது. மாணவர்கள் அதனை மறுத்து, 'கறுப்பர்' என்ற பெயரை ஏற்றனர். சட்டத்தாலோ வழக்கத்தாலோ தாழ்த்தப்பட்டு, அதனை எதிர்த்து ஒன்றாய் நிற்பவர் எவரோ அவரெல்லாம் கறுப்பர் என்று 1971-இல் வரையறை செய்தனர். ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தார் ஆகிய மூவரும் அதனுள் அடங்கினர். அச்சொல் தோலின் நிறத்தை விட்டு நீங்கி, ஒருவர் நிற்கும் நிலையைக் குறிப்பதாயிற்று.

வட சென்னைவாசிகளுக்கு இதில் ஒரு தனிச்சுவை உண்டு. இன்று நாம் ஜார்ஜ் டவுன் என்று வழங்கும் பகுதியை ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கறுப்பர் நகரம் என்றே அழைத்தனர். கோட்டைக்குள் வெள்ளையர், வெளியே கறுப்பர். அவர்கள் வாயில் அஃது இகழ்ச்சிப் பெயர். அதே பெயரைக் கடலுக்கு அப்பால் நம் வழித்தோன்றல் ஒருவர் விரும்பி எடுத்து, பெருமைப் பெயராக அணிந்துகொண்டார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இம்முடிவு மூட்லி போன்றோர்க்கு எளிதன்று. இந்தியர் என்ற பெயரோடு இருந்தால் கிட்டும் அந்த ஒரு படி உயரத்தை, கறுப்பர் என்ற பெயர் பறித்துவிடும். 1949-ஐ மறவாத பெரியோர் பலர் அஞ்சினர். காந்தியடிகள் 1894-இல் நிறுவிய நேட்டால் இந்தியக் காங்கிரஸ், நெடுநாள் ஓய்ந்திருந்து, 1971-இல் மீண்டும் எழுந்தது. இந்தியர்க்கென்று தனி அமைப்பு இனி எதற்கு என்று மூட்லியும் கூப்பரும் வினவினர். தம் மக்கள் நம்பும் அமைப்பின் வழியேதான் அவர்களைப் போராட்டத்துக்கு அழைத்து வர இயலும் என்பது காங்கிரசாரின் விடை. இருதரப்பாரும் ஒரே கொடுமையை எதிர்த்தவர்களே. வழியைப் பற்றி வேறுபட்டனர். ஆப்பிரிக்க மாணவருள்ளும், இந்தியரை நம்பலாமா என்று ஐயுற்றோர் இருந்தனர். இரு பக்கத்து ஐயத்துக்கும் வாயால் மட்டும் விடை கூற இயலாது. உடன் உழைத்துக் காட்டுவதே விடை. மூட்லி அதனைச் செய்தார்.

அமைப்பாளர் என்றால் மேடையேறி முழங்குபவர் என்று நீங்கள் எண்ணக்கூடும். அவர் நாள்முழுதும் செய்யும் வேலை பெரும்பாலும் ஒலிபெருக்கி இல்லாதது. மூட்லி அமைப்பின் வெளியீட்டுப் பொறுப்பை ஏற்றார். செய்தி மடலுக்குக் கட்டுரை கேட்டு வாங்குதல், திருத்துதல், அச்சேற்றுதல், கல்லூரிதோறும் அனுப்புதல் ஆகிய இவை அவர் பணி. தொலைவிலுள்ள கல்லூரி ஒன்றில் தனித்து நிற்கும் மாணவன், தன்னைப் போல் எண்ணுவோர் பிற ஊர்களிலும் உளர் என்று அம்மடலைக் கண்டே அறிந்தான்.

மற்றொரு பணி நாடகம். 1969-இல் மூட்லியும் நண்பர்களும் நேட்டால் நாடக மன்றம் ஒன்றை அமைத்து, ஊரூராக நாடகம் நடத்தினர். படித்தவனுக்குக் கட்டுரை, படியாதவனுக்கும் நாடகம் புரியும். நம் நாட்டு விடுதலைப் போராட்டத்தில் மேடை நாடகங்கள் ஆற்றிய தொண்டை அறிந்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். இவையன்றி, அமைப்பின் மாணவர்கள் விடுமுறை நாட்களில் ஏழை மக்கள் வாழும் இடங்களுக்குச் சென்று, குடிநீர், துப்புரவு, நோய்த்தடுப்பு, எழுத்தறிவு ஆகிய பணிகளைச் செய்தனர். டர்பனுக்கு வெளியே, காந்தியடிகளின் ஃபீனிக்ஸ் குடியிருப்பை அடுத்த பகுதியிலும் அவர்கள் பணி நடந்தது.

ஆயுதம் ஏந்தாத இவ்விளைஞரைக் கண்டு அரசு அஞ்சிற்று. 1973 மார்ச்சில் பிக்கோ, மூட்லி, கூப்பர் உள்ளிட்ட எண்மர் மீது தடையாணை பிறந்தது. தடையாணை என்றால் என்ன? ஒருவர் தம் வட்டத்தை விட்டு வெளியே செல்லலாகாது. ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டவரோடு கூடிப் பேசலாகாது. அவர் எழுதக்கூடாது, அவர் சொன்னதைப் பிறர் அச்சிடவும் கூடாது. சுவரில்லாத சிறை எனலாம். எழுத்தையும் நாடகத்தையும் கருவியாகக் கொண்டவருக்கு இதைவிடக் கொடிய தண்டனை வேறு எது?

அண்டை நாடான மொசாம்பிக்கில் போர்த்துகீசிய ஆட்சி வீழும் தறுவாயில், அவ்வெற்றியைக் கொண்டாட 1974 செப்டம்பர் 25-ஆம் நாள் டர்பனில் கூட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அரசு தடை விதித்தது. தடையை மீறி ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். காவலர் நாய்களை ஏவிக் கூட்டத்தைக் கலைத்தனர். தொடர்ந்து நாடெங்கும் பலர் கைதாயினர். மூட்லி, கூப்பர் உள்ளிட்ட ஒன்பது பேர் மீது பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் வழக்கு நடந்தது. பெயர்தான் பயங்கரவாதம். குண்டோ, துப்பாக்கியோ அங்கே சான்றாக வரவில்லை. கட்டுரைகள், பாடல்கள், நாடகங்கள், உரைகள் ஆகியவையே குற்றச் சான்றுகளாகப் படிக்கப்பட்டன.

1976 மே மாதத்தில் பிக்கோ அவ்வழக்கில் எதிரிகள் தரப்புச் சாட்சியாக வந்தார். உம் தோல் பழுப்பு நிறமாக இருக்க, உம்மைக் கறுப்பர் என்று ஏன் கூறிக்கொள்கிறீர் என்பது நீதிபதியின் கேள்வி. வெள்ளையர் எனப்படுவோர் உண்மையில் வெண்ணிறத்தவரா என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார். அடுத்த மாதமே, ஜூன் 16-ஆம் நாள், சொவேட்டோவில் பள்ளி மாணவர் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் மீது பாய்ந்த குண்டுகளின் ஓசை உலகெங்கும் கேட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஒன்பது பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. மூட்லிக்கு ஐந்தாண்டு, கூப்பருக்கு ஆறாண்டு. இருவரும் இராபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். மறு ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் பிக்கோ காவலில் அடிபட்டு மாண்டார். அக்டோபரில் மாணவர் அமைப்பே தடை செய்யப்பட்டது.

இராபன் தீவில் அந்தப் படிக்கட்டு மறையவில்லை. நெல்சன் மண்டேலாவும் அவர் தோழர்களும் 1964-இல் அங்கே சென்றபோது, உடன் சென்ற இந்தியரான அகமது கத்ராடாவுக்கு மட்டும் முழுக்கால் சட்டை கிடைத்தது. மண்டேலாவுக்குக் கிடைத்தது சிறுவர் அணியும் அரைக்கால் சட்டை. உணவிலும் அவ்வாறே. இந்தியக் கைதிக்கு ரொட்டி உண்டு. ஆப்பிரிக்கக் கைதிக்கு இல்லை. ஒரே குற்றம், ஒரே தண்டனை, ஒரே கல்லுடைக்கும் வேலை. தட்டில் மட்டும் வேற்றுமை. கைதிகளின் இடையறாத முறையீட்டால் 1979-இல்தான் உணவு வேற்றுமை ஒழிந்தது. மூட்லி அங்கே சென்ற காலத்தில் அவ்வேற்றுமை இருந்தது. மாணவப் பருவத்தில் அவர் எதனை எதிர்த்தாரோ, அதுவே ஒரு துண்டு ரொட்டியாக நாள்தோறும் அவர்முன் வந்து நின்றது. அடக்குமுறை எவ்வளவு நுட்பமாக வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1981-இல் மூட்லி விடுதலை பெற்றார். சில ஆண்டுகளில் அவருடைய தலைமுறையின் கொள்கைக்கு ஒரு பெருஞ்சோதனை வந்தது. அரசு நாடாளுமன்றத்தில் மூன்று அவைகளை அமைத்தது: வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தாருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கருக்கு ஒன்றும் இல்லை. பழைய படிக்கட்டுக்கே புதுச் சுண்ணாம்பு பூசிக் கொடுத்தனர். 1984 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. அதனைப் புறக்கணிக்குமாறு பல அமைப்புகள் வீடு வீடாகச் சென்று வேண்டின. கறுப்புணர்வு இயக்கத்தாரும், ஒருகாலத்தில் அவரோடு மாறுபட்ட நேட்டால் இந்தியக் காங்கிரசாரும் அப்புறக்கணிப்பை ஆதரித்தனர். பதிவு பெற்ற இந்திய வாக்காளருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே வாக்களித்தனர். கேட்டும் கிடைக்காத வாக்குரிமை கைக்கு வந்தபோது, பக்கத்திலிருப்பவனுக்கு இல்லாத வாக்கு எனக்கும் வேண்டாம் என்று எளிய மக்கள் வீட்டிலிருந்துவிட்டனர். பத்தாண்டு கழித்து, 1994 ஏப்ரல் 27-ஆம் நாள், அனைவரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தனர்.

புதிய ஆட்சியில் மூட்லி பதவி நாடிச் செல்லவில்லை. டர்பனில் இளைஞர்க்கு அமைதிக் கல்வி அளிக்கும் உம்டாப்போ நிலையத்தில் பணியாற்றினார். வறியவர்க்கு விடுதலையின் பயன் இன்னும் சென்றடையவில்லை என்று வெளிப்படையாகவே கூறி வந்தார். 2006 ஏப்ரலில் காலமானார். அவர் நண்பர் சாத்ஸ் கூப்பர் உளநூல் அறிஞராக உயர்ந்து, 2012 முதல் 2016 வரை உலக உளநூல் சங்கத்தின் தலைவராக விளங்கினார்.

அன்பர்களே, மூட்லி தம் பெயரை விட்டுவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். சீனிவாச முதலி என்று நாம் கண்டுகொள்ளும் பெயரோடுதான் அவர் நீதிமன்றத்தில் நின்றார். அதே பெயரோடுதான் மறைந்தார். முன்னோரை மறக்க வேண்டும் என்று அவர் கூறவில்லை. முன்னோரின் பெயரைக் காட்டிப் பிறன்மேல் ஏறி நிற்க மாட்டேன் என்றார். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைப் புரிந்துகொள்பவரே உரிமைப் பணிக்குத் தகுதியுடையவர் ஆவர்.

வட சென்னைப் பள்ளிகளில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். நம் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலைவாயிலில் நின்று பார்த்தால் அங்கும் படிகள் தெரியும். நிரந்தரத் தொழிலாளி ஒரு படி. ஒப்பந்தத் தொழிலாளி அதற்குக் கீழே. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து, நம் மொழி அறியாமல் வேலை செய்பவன் அதற்கும் கீழே. ஒருகாலத்தில் நம் மக்கள் மொழி தெரியாத டர்பனில் மூட்டையோடு இறங்கி நின்ற கோலமும் அதுவே. இவற்றில் எந்தப் படியில் உங்கள் தந்தை நிற்கிறார், எந்தப் படியில் நீங்கள் நிற்கப் போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குக் கீழே ஒரு படி இருக்கும் என்பது மட்டும் உறுதி. ஒரு படி மேலே நிற்பதால் கிடைக்கும் சிறு மகிழ்ச்சிக்காக வாய் மூடி இருப்பீர்களா, இறங்கி வந்து உடன் நிற்பீர்களா என்ற கேள்வி உங்கள் வகுப்பறையிலேயே ஒருநாள் எழும். கடைசி இருக்கையில் ஒதுங்கி உட்காரும் தோழனைப் பிறர் நகையாடும்போது அது எழும். அப்போது அவன் பக்கத்தில் போய் அமர்ந்துகொள்ளுங்கள்.